போப்பை எதிர்த்துப் பேசலாமா?

கேள்வி: போப் சொன்னதையே கர்தினால்கள் எதிர்த்தால், அப்புறம் அவர் எதற்குத் தலைவர்?

பதில்: எதிர்ப்புக்கும் பதில் சொல்லத்தான் தலைவர்! முதல் போப்பாகத் திருச்சபை கருதும் பேதுருவையே அந்தியோக்கியாவில் முகத்துக்கு நேரே எதிர்த்ததாகப் பவுல் எழுதினார். அந்தக் கடிதத்தைத் திருச்சபை ஒளித்துவைக்கவில்லை, விவிலியத்திலேயே வைத்தது. போப்புக்குத் தவறா வரம் உண்டு என்று 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது உண்மைதான். ஆனால் அது அவருடைய ஒவ்வொரு பேச்சுக்கும் பொருந்தாது; அதன்பின் முறைப்படி பயன்பட்டது 1950-இல், அன்னை மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோதுதான்.

2023 டிசம்பரில், தன்பாலின இணையருக்கும் எளிய ஆசி வழங்கலாம் என்று போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு அறிக்கை வந்தது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் மறுத்தார்கள். ஆனால் அவர்கள் சார்பில் மறுப்பு அறிக்கையில் கையெழுத்திட்ட கின்ஷாசா கர்தினால் அம்போங்கோ, ரோமுடன் கலந்து பேசிய பிறகே அதை வெளியிட்டார். அவருடைய பதவியும் போகவில்லை. 2016-இல் நடந்தது வேறு. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவர்களுக்கு நற்கருணை தரலாமா என்பது உட்பட ஐந்து கேள்விகளை நான்கு கர்தினால்கள் போப் பிரான்சிஸுக்கு அனுப்பினார்கள், பதில் வரவில்லை. கேள்வி கேட்டதைவிட அந்த மௌனமே கசப்பை வளர்த்தது என்பேன்.

இப்படியே விட்டால் சபை பிளந்துவிடாதா? பிளவு எதில் தொடங்கும் என்பதைப் பேராயர் லெஃபெவ்ர் காட்டினார்: 1988-இல் போப்பின் அனுமதியின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார், சபைவிலக்கு வந்தது. அது செயல். மேய்ப்பர்களிடம் கருத்துச் சொல்வதோ விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவே சொல்கிறது.