வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின்

கேள்வி: வீட்டு கேட், மாடிக் கைப்பிடி பற்றவைக்கச் சின்ன வெல்டிங் மெஷின் வாங்க ஆசை. விலை குறைந்த பெட்டியில்கூட ‘400 ஆம்பியர்’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?
– வாசகர், ஒரகடம்

பதில்: மெஷினை வாங்குங்கள், அந்த எண்ணை விட்டுவிடுங்கள்! இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் கார்களைப் பற்றவைக்க ரோபோ இருக்கிறது; உங்கள் கேட்டுக்கு உங்கள் கைதான் வர வேண்டும்.

உண்மையிலேயே 400 ஆம்பியர் வந்தால், 230 வோல்ட் இணைப்பிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் பெரிய பிளக் தாங்குவதோ 16. கேட் வேலைக்கு 2.5 மி.மீ. 6013 ராடு போதும். அதற்கு 60 முதல் 90 ஆம்பியர்தான் தேவை. அதைச் சளைக்காமல் தரும் சிறிய இன்வெர்ட்டர் மெஷினே உங்களுக்கு ஏற்றது. கடையில் ‘டியூட்டி சைக்கிள்’ கேளுங்கள். 60 சதவீதம் என்றால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் பற்றவைக்கலாம், நாலு நிமிடம் ஓய்வு. ஓய்வு மெஷினுக்கும் உண்டு!

மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். வோல்டேஜ் இறங்கும், ஒயர் சூடாகும். ஜி.ஐ. பைப் என்றால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவையுங்கள்; அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஈரத்தரை, ரப்பர் செருப்பு இரண்டும் ஆகாது. தோல் கையுறையும் ஷூவும் கட்டாயம்.

மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தில் 10 அல்லது 11 ஷேடு கண்ணாடி வைத்த நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். கோணலாய்ப் போன கேட்டை அறுத்து மறுபடி பற்றவைக்கலாம், கண்ணை முடியாது.