மிஸ்ஸிங் அடிக்கும் காருக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் உதறுகிறது. மேம்பாலம் ஏறச் சொன்னால் வண்டி முக்குகிறது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம். உங்களுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் என்றால், மூன்றில் ஒருவர் வேலைக்கு வரவில்லை என்று பொருள்.

முதலுதவியாகப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். நம் ஊரில் பல கார்களின் மிஸ்ஸிங் இந்த முறையில்தான் மாதக்கணக்கில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் இளையராஜாவாலும் காப்பாற்ற முடியாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் இறங்கி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்துகொண்டிருக்கிறது. சில நூறு ரூபாய் பிளக்கில் மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் சாமானைப் பொசுக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அடுத்து, கடைசியாகப் பெட்ரோல் போட்ட பங்க்கைத் திட்ட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பிறகு வாசலில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து வையுங்கள். ஆலோசகர்கள் தாமாகக் கூடுவார்கள். எதிர்வீட்டு சார், “கார்புரேட்டர் அடைச்சிருக்கும்” என்பார். உங்கள் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது என்று சொல்லி அவர் மனதை நோகடிக்காதீர்கள். மாடிவீட்டுத் தம்பி யூடியூபில் பார்த்துவிட்டு இன்ஜெக்டர் என்பான். வாட்ச்மேன் அண்ணன் மட்டும் தூரத்தில் நின்று, “எலி கடிச்சிருக்கும் சார்” என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள். ராத்திரியில் எந்த வண்டிக்கு அடியில் எலி போகிறது என்று பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான். டார்ச் அடித்து, காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும் வயர்களை முதலில் பாருங்கள்.

போன வாரம் வாட்டர் வாஷ் விட்டீர்களா? “உள்ளேயும் நல்லா அடிங்க தம்பி” என்று இன்ஜினைக் காட்டினீர்களா? அப்படியானால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கலாம். பிளக் நுனியில் பாய வேண்டிய மின்பொறி, ஈரத்தின் வழியாகப் பக்கத்து இரும்பில் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் ஆயில் நின்றால், டேப்பெட் கவர் கேஸ்கெட் போய்விட்டது.

இனி ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போனில் எரர் கோடு காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்று வந்தால் ஒன்றோடு நிற்கவில்லை, அங்கங்கே நடக்கிறது. பங்க்கைத் திட்டியதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். கிராங்க் சுற்றும் வேகத்தில் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டர் இதைச் சொல்கிறது. யார் வரவில்லை என்று அதற்குத் தெரியும், ஏன் வரவில்லை என்று தெரியாது.

கோடு தெரிந்ததும் கடைக்கு ஓடி ஒரு காயில் வாங்குவதே மரபு. சரியாகாவிட்டால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் சென்சார். பொறுமையாகத் தொடர்ந்தால் ஒரு முழுக் காரையும் உதிரியாகவே வாங்கிவிடலாம்.

கஞ்சர்களுக்கு வேறு வழி உண்டு. கோடு பி0301 என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத காரணத்தால் இந்த முறைக்கு ஊரில் மரியாதை இல்லை. பழைய ஆட்கள் இன்ஜின் ஓட ஓட பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் செய்யாதீர்கள். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட்.

பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரையும் கூட வரும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் சுகம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் சூடு அதிகம், பிசுபிசுவென்று ஆயில் என்றால் பர்ஸைத் தயார் செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போடுகிற வீரர்களை நம்பித்தான் பல லேத் பட்டறைகள் நடக்கின்றன.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் மஞ்சள் விளக்கு அணைந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். உண்மைதான். கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப எரியும். சாயங்காலத்துக்குள் வண்டியை விற்கப்போகிறவர்களுக்கு மட்டும் பயன்படும்.

காயில், பிளக், வயர், இன்ஜெக்டர் எல்லாம் சரி, இன்னும் உதறுகிறது என்றால் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். வால்வோ ரிங்கோ போயிருந்தால் அது வாசலில் நடக்கிற வேலை இல்லை. மெக்கானிக்கிடம் போய் எரர் கோடு நம்பரை ஒப்பிக்காதீர்கள். “மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே” என்று மட்டும் சொல்லி, கழற்றிய பழைய பிளக்குகளை சிலிண்டர் நம்பர் எழுதிய கவரில் நீட்டுங்கள். நீங்கள் சொல்வதை அவர் கேட்கமாட்டார். பிளக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.