ஃபிளிப்பர் காயில்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

பின்பால் மெஷின் என்பது சாய்ந்த பலகை, அதன்மேல் கண்ணாடி, ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு, குண்டு கீழே நழுவாமல் தட்டி ஏற்றும் ஃபிளிப்பர்கள் ஆகியவற்றால் ஆயது. (இது தெரியாதவர் இக்கட்டுரையைப் படிக்கப் போவதில்லை, தெரிந்தவருக்கு இது வேண்டியதில்லை. ஆயினும் வரையறை இல்லாத கட்டுரையைக் கருத்தரங்கில் வாசிக்க விடுவதில்லை.) சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 1947இல் வெளியிட்ட ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் ஃபிளிப்பர் முதன்முதலில் வந்தது. அதற்கு முன் குண்டை விட்டுவிட்டு மெஷினை இடித்துக்கொண்டு நிற்பதே ஆட்டம். அதைச் சங்கம் மருவிய காலம் எனலாம்; ஏன் என்று கேட்கலாகாது.

பழுது பார்க்கப் புகும் உடைமையாளர் மூவகைப்படுவர்: பாகத்தின் எண் அறிந்தார், அறியார், அறிந்ததாக நினைப்பார். முதல் வகையினர் எண்ணைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவர், ஆய்வுக்கு உதவார். இரண்டாம் வகையினர் கடைக்காரரிடம் “அந்தக் குட்டி வெள்ளை பிளாஸ்டிக், குழாய் மாதிரி இருக்குமே” என்று விரலால் காற்றில் வரைவர். மூன்றாம் வகையில் இந்நூலாசிரியன் அடக்கம்.

பல்பு: 44, 47 இரண்டுக்கும் 6.3 வோல்ட், ஒரே ஹோல்டர். 44 இழுப்பது 250 மில்லிஆம்பியர், 47 இழுப்பது 150. சூடு குறைவதால் முகப்புக் கண்ணாடியின் ஓவியம் உரியாமல் பிழைக்கும் என்று 47ஐப் போடுவோர் பலர். 555க்கு அடிப்பாகமே வேறு. எண் ஏறினால் வெளிச்சம் ஏறும் என்று நம்பியவர்கள் முதல் வகைக்குத் திரும்புவதில்லை (காண்க: மேலே, இரண்டாம் பத்தி). ரப்பர் வளையத்தை உள்விட்டம் சொல்லி வாங்க வேண்டும். பழையதை அளந்து போகக் கூடாது, பல வருஷம் இழுபட்டு அதற்கு இடுப்புப் பெருத்திருக்கும். பியூஸ்: அட்டவணையில் உள்ளதைப் போடுக.

இனி ஃபிளிப்பரை இழுக்கும் காயில். வில்லியம்ஸ் கம்பெனியின் தொண்ணூறுகளின் மெஷின்களில் எஃப்.எல். 11629க்கு நீலத் தாள் சுற்றியிருக்கும், 11630க்குச் சிவப்பு. நீலத்தின் மின்தடை 4 ஓம் அளவு, சிவப்பு 4.7 அளவு. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். ஆகவே சிறிய எண்ணே பெரிய அடி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பலமுள்ளது ஆரஞ்சு; அதன் எண்ணோ 15411. எண்ணிட்டவரின் அன்றைய மனநிலை பற்றித் தனி நூல் தேவை.

என் மெஷினின் வலது ஃபிளிப்பர் சோர்ந்துவிட்டது. கையேட்டுக்கு என்னிடம் இரண்டு பிரதிகள்: எண்ணெய்ப் பிரதி, காபிப் பிரதி. முன்னதில் காயிலின் எண் 116 வரை தெளிவு. அப்பால் வட்டக் கறை, கறைக்குக் கீழே ஒரு வால். வால் உண்டெனில் 9, ஆகவே 29. பின்னதில் கறை உண்டு, வாலில்லை, ஆகவே 30. வால் காகிதத்தின் மடிப்பாக இருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து (காண்க: பேஸ்மென்ட் சுவர், கிழக்குப் பக்கம், பென்சில் எழுத்து). வாலே மூலம், 9 பிற்காலத்தில் அதிலிருந்து வளர்ந்தது என்பது மறுசாரார் (ஒப்புநோக்குக: பீட்சா பெட்டி மூடியின் உட்புறம், சீஸ் ஒட்டாத பகுதி, திருத்திய பதிப்பு, குப்பை லாரி வரும் செவ்வாய்வரை மட்டும் கிடைக்கும், அணிந்துரை, உரை, மறுப்புரை மூன்றும் அடியேனுடையவை). வில்லியம்ஸ் 1999இல் பின்பாலைக் கைவிட்டுவிட்டதால் கம்பெனியைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வசதி ஏது? ஓர் எழுத்தின் சுழியை வைத்துக்கொண்டு ஒரு நூலையே இருநூறு வருஷம் முன்னும் பின்னும் நகர்த்துகிறவர்கள் நம்மிடையே மாலை மரியாதையோடு உலவுகிறார்கள். நான் நகர்த்த நினைப்பது ஒரு குண்டைத்தான்.

மூன்றாம் வாரம் என் மகள் பலகையைத் தூக்கி நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, காயில் மேலயே எழுதியிருக்கே. 11630. சிவப்புத் தாள்.”

“அது இடைச்செருகல்” என்றேன். சிரிக்க வேண்டா. கைக்குக் கிடைத்த காயிலை முன்னாள் உரிமையாளர் மாட்டிவிட்டுப் போவது பின்பால் உலகில் அன்றாடம் நடப்பது. உள்ளே இருப்பதை நம்பி அதையே மறுபடி வாங்குகிறவர் பிழையைப் பிரதியெடுக்கிறார்.

அவள் அதற்குள் காயிலைக் கழற்றி, அதன் நடுவில் செருகியிருந்த ஸ்லீவை உருவிவிட்டாள். உள்சுவர் தேய்ந்து கரி படிந்திருந்தது. இரும்புத் தண்டு அதில் சிக்கிச் சிக்கிப் போனது.

“இந்தக் குட்டி வெள்ளை பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தினா போதாதா?”

ஸ்லீவ் உள்ள வரியில் எண்ணெய்ப் பிரதியிலும் கறை இல்லை, காபிப் பிரதியிலும் இல்லை. எனவே அது ஆய்வுக்குரிய பொருளன்று.