நடுவரியல்: அனிமே இசைக் காணொளிப் போட்டிகளை முன்வைத்து

ஜப்பானிய அனிமே தொடர்களிலிருந்து காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, அவற்றுக்குச் சற்றும் உறவில்லாத ஒரு பாட்டின் மேல் ஒட்டி, தாளம் விழும் இடத்தில் அடியும் விழச் செய்யும் கலையே இவ்வாய்வின் பொருள். ஆர்வலர் இதை ஏஎம்வி என்பர். இதன் ஆதி ஆசிரியராகப் பொதுவாகக் குறிக்கப்படுபவர் அமெரிக்கரான ஜிம் கபோஸ்டாஸ். இரண்டு விசிஆர்களை இணைத்து, ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ தொடரின் குண்டுவெடிப்புகளை பீட்டில்ஸின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ பாட்டோடு 1982இல் சேர்த்தார். போட்டிக்கு ஆளில்லை, எனவே நடுவரும் தேவைப்படவில்லை. அதுவே இத்துறையின் பொற்காலம் எனத் துணியலாம்.

பின்னர் ஓட்டகான், அனிமே வீக்கெண்ட் அட்லாண்டா முதலிய மாநாடுகள் போட்டி நடத்தத் தலைப்பட்டன. அதிரடி, நகைச்சுவை, காதல், சோகம் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். மாநாட்டுக்காரர் நான்கைந்தோடு நிறுத்திக்கொண்டனர், கோப்பை வாங்கக் காசு வேண்டுமே.

பல போட்டிகளில் விதிகள் கடுமையானவை. சப்டைட்டில் தெரியக் கூடாது, வாட்டர்மார்க் கூடாது, செய்தவர் பெயர் காணொளியில் வரக் கூடாது. இறுதி விதி நடுவரின் கண்ணைக் கட்டுவதற்காக. ஆனால் துறை சிறியது. யார் எந்தத் தாளத்தில் வெட்டுவார், யாருக்கு வெள்ளை வெளிச்சம் பளிச்சிடாமல் ஒரு காட்சிகூட மாறாது என்பதெல்லாம் நடுவருக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, அதே காணொளி முக்கால்வாசி முடிந்திருந்தபோது வாங்கிப் பார்த்து, “ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் தொய்யுதுப்பா” என்று சொன்னவரும் அவராகவே இருப்பார்.

நடுவரியலின் முதல் சூத்திரம் இங்கே பிறக்கிறது: தெரிந்தவர் நடுநிலையாளர் அல்லர்; நடுநிலையாளருக்குத் தெரியாது.

இதற்கு உரை வருமாறு. உறவும் பகையும் இல்லாத வெளியாள் ஒருவரை அமர்த்துகிறோம் என்க. போட்டியாளர் ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து, ஒரு தொடரின் நாயகியை ஒவ்வொரு ஃப்ரேமாக, காற்றில் பறக்கும் மயிரிழை உட்படக் கத்தரித்தெடுத்து, வேறொரு தொடரின் நாயகன் பக்கத்தில் நிற்கவைத்திருப்பார். இதற்கு மாஸ்கிங் என்று பெயர். வெளியாள் அதைப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு, ரெண்டு பேரும் ஒரே தொடர்ல வர்றவங்கதானே?” என்பார். வேலை எவ்வளவு சுத்தமோ மதிப்பெண் அவ்வளவு குறைவு. நாயகியின் காதோரம் கொஞ்சம் பழைய பின்னணி ஒட்டிக்கொண்டிருந்தாலாவது உழைப்பு தெரிந்திருக்கும். ஆகவே வெளியாள் நடுவருக்கு அனுப்புவோர் சற்று மோசமாக வெட்டுவதே புத்திசாலித்தனம் என்பது பெறப்படும்.

நடுவர் தொகையைக் கூட்டினால் என்ன, அரங்கத்தையே வாக்களிக்கச் சொன்னால் என்ன என்பார் மறுப்பாளர். இதற்கு 1785லேயே பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ விடை எழுதிவைத்துவிட்டார். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேலிருந்தால், ஆள் சேரச் சேரப் பெரும்பான்மையின் முடிவு உண்மையை நெருங்கும். பாதிக்குக் கீழிருந்தால், ஆள் சேரச் சேரத் தவறு உறுதிப்படும். பார்வையாளர் எந்தப் பக்கம்? ‘டிராகன் பால் இசட்’ சண்டையையும் லிங்கின் பார்க் பாட்டையும் சேர்த்துச் செய்த காணொளிகள் குவிந்து, அந்த ஜோடியே கேலிப்பொருளாகிப் போன வரலாற்றை அறிந்தவர் இக்கேள்வியைத் திரும்பக் கேட்கமாட்டார். மேலும் கொண்டோர்செயின் கணக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே யோசிப்பார்கள் என்று கொள்கிறது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தால் கடைசி வரிசை வரை சிரிக்கும் அரங்கத்துக்கு அது பொருந்தாது.

வரிசையும் ஒரு வினை செய்கிறது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலால் அமையும். அதன் முடிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பிந்தி வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் போக்கைக் காட்டியது. தேர்ந்த இசைவாணர்களின் காதுக்கே இக்கதி. ஐந்தாவது சோகக் காணொளியில் கொட்டாவி விடுபவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இனித் தீர்வு. வெனிஸ் நகரத்தார் தம் தலைவரைத் தேர்ந்த முறை உலகிலேயே மிகவும் சந்தேகப்படும் முறை. எனவே மிகச் சிறந்தது. 1268 முதல் 1797 வரை நிலைத்தது. குலுக்கலில் 30 பேர், அவர்களிலிருந்து குலுக்கலில் 9 பேர், அவர்கள் 40 பேரைத் தேர்வர், அவர்களைக் குலுக்கி 12, அவர்கள் 25 பேரைத் தேர்வர், குலுக்கி 9, அவர்கள் 45 பேரைத் தேர்வர், குலுக்கி 11, அந்தப் பதினொருவர் தேரும் 41 பேரே இறுதியில் தலைவரைத் தேர்வர். ஏஎம்வி போட்டிக்கு இதில் ஒரே ஒரு குறை. 45 பேர் என்ற படிக்கு வருவதற்குள் போட்டியாளர் எல்லாரும் நடுவராகியிருப்பர்; காணொளி அனுப்ப ஆள் மிஞ்சாது.

அடுத்து உத்தரமேரூர் குடவோலைக்குப் போவேன் என்று காத்திருக்கும் வாசகர் மன்னிக்க. அதற்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். நம் ஆட்களில் பலருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு ஹார்ட் டிஸ்க்.

நடுவர்மேல் சந்தேகம் வராமல் செய்யும் முயற்சியில் பனிச்சறுக்கு நடனக்காரர்கள் முன்பே இறங்கி அடிபட்டவர்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடுவர் ஊழல் வெடித்து, இரண்டாவது ஜோடிக்கும் தங்கம் கொடுக்க நேர்ந்தது. பிறகு எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்பதை மறைத்துப் பார்த்தார்கள். சந்தேகம் தீரவில்லை. 2016இல் மறைப்பைக் கைவிட்டார்கள்.

ஆகவே போட்டி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பாரபட்சமற்ற நடுவரைத் தேடி அலையவேண்டாம். தெரிந்தவரையே அமர்த்துங்கள், அந்த ஆண்டு அவர் போட்டியிடாமல் இருந்தால் போதும். காணொளி அனுப்பும் கடைசி நாளுக்கு முன்பே அவர் பெயரை அறிவித்துவிடுங்கள். முடிவு வந்ததும் யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்பதை அரங்க வாசலில் ஒட்டுங்கள். நண்பருக்குப் போட்டிருந்தால் பக்கத்தில் ‘நண்பர்’ என்றே எழுதுங்கள்.