கூரு மட்டும் போதுமாக்கும்!

ஏலே பேராண்டி, கார்பன் அம்பு வாங்கியாச்சாமே? பிரிச்சதுலருந்து முனையையே தடவித் தடவிப் பாக்கியாம். கூரு இருந்தாப் போதும்னா, உங்க ஆச்சி நாக்கும் அம்புதாம்லே.

தென்னாப்பிரிக்காவுல சிபுடு குகையில 64,000 வருஷத்துக் கல்லுமுனை கெடச்சிருக்கு. அம்புமுனைதான்னு ஆய்வாளருங்க சொல்லுதாங்க. கம்பும் இறகும் மக்கிப் போச்சு. உன்னைய மாதிரியே அவங்க கண்ணுலயும் முனை மட்டுந்தான் பட்டிருக்கு, பாவம்.

முழு அம்பு பாக்கணும்னா ஆல்ப்ஸ் மலைக்குப் போகணும். 1991-ல பனிக்குள்ள ஒருத்தன் உடம்பு கெடச்சுதுல்லா, ஓட்ஸின்னு பேரு வச்சாங்களே, 5,300 வருஷத்துக்கு முந்தின ஆளு. தூணியில 14 அம்பு. செஞ்சு முடிச்சது 2, அதுவும் ஒடிஞ்சு கெடந்துச்சு. வில்லும் பாதி செதுக்குனபடி. சோலிய நாளைக்குன்னு தள்ளுறதுல நீ முதல் ஆளு இல்லேன்னு மனசைத் தேத்திக்கோ.

ஆனா அந்த ரெண்டையும் செஞ்ச கையைக் கும்பிடணும்லே. நேரா வளந்த இளங்கொப்பா வெட்டி, பட்டை உரிச்சு, முன்னால சக்கிமுக்கிக் கல்லு, பின்னால மூணு இறகு. இறகைப் பிர்ச் மரப்பட்டையில வடிச்ச கீலால ஒட்டி, தொட்டா அரிக்கிற செடியோட நாரால நெருக்கிச் சுத்தியிருக்கு. வாலுல இறகு காத்தைப் பிடிச்சாத்தான் தலை திசை மாறாமப் போகும். அப்படிப்பட்டவன் செத்ததும் அம்பாலதான். இடது தோளுல கல்லுமுனை இருக்குன்னு 2001-ல படம் எடுத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுது. கம்பை மட்டும் காணோம். ஆளு போனாப் போகட்டும், நல்ல கம்பு வீணாகக் கூடாதுன்னு உருவிட்டாங்களோ என்னமோ!

கம்பு அம்புட்டு பெரிய சங்கதிலே. ஜெர்மனியில ஸ்டெல்மூர்ல தோண்டின பைன் மரத்து அம்பு 10,000 வருஷத்துக்கு மேல பழசு. சிலதுல முன்துண்டு தனி. இடிச்சு ஒடிஞ்சா அதை மாத்திக்கிடலாம், நீளக் கம்பு தப்பிச்சிரும். சகதி அம்புட்டு காலம் காபந்து பண்ணினதை, படிச்ச மக்க இரண்டாம் உலகப் போர்ல தொலைச்சுட்டாங்க.

நாணை விட்டதும் அம்பு நேராப் போகுதுன்னு நெனைக்காத. நெளிஞ்சு, வில்லை ஒட்டி வளைஞ்சுட்டு, அப்புறந்தான் நேராகும். விறைப்பு கூடுனா ஒரு பக்கம் ஒதுங்கும், குறைஞ்சா மறுபக்கம். நீ நிறத்தைப் பாத்துல்லா எடுத்திருக்க!

கம்புல ஒரு எண்ணு அச்சடிச்சிருப்பான், அதைப் படி. எண்ணு குறையக் குறைய விறைப்பு கூடும். உன் வில்லோட இழுவையைக் கடைக்காரன்கிட்டச் சொல்லி, ஒத்து வராட்டா மாத்திக் கேளு. மாட்டேன்னான்னா எங்கிட்டத் தா, தக்காளிச் செடிக்கு ஊணுகோல் தேடிக்கிட்டிருக்கேன்.