தங்க மைனருக்கு வேலை கிடைத்த கதை

உலோகங்களில் உட்கார்ந்தே தின்ற பரம்பரை ஒன்று உண்டென்றால் அது தங்கம்தான். துருப்பிடிக்காது, சாதாரண அமிலம் வந்து நின்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. கரைக்க வேண்டுமானால் இரண்டு அமிலங்கள் சேர்ந்து இராஜதிராவகமாக வந்து கெஞ்ச வேண்டும். 1823-இல் டோபரைனர் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சித் தீப்பற்ற வைத்ததிலிருந்து வினையூக்கி உத்தியோகமெல்லாம் பிளாட்டினம், பல்லேடியம் வகையறாவின் தலையில் விழுந்தது. தங்கம் மைனர் மாதிரி ஊரார் கழுத்தில் மினுக்கிக்கொண்டு காலம் தள்ளியது.

ஆல்கஹாலை ஆல்டிஹைடாகவோ அமிலமாகவோ மாற்ற அப்போது கூப்பிட்டது குரோமியத்தை. வேலை சுத்தம், ஆள் மோசம். ஆரஞ்சு நிறத்தில் உள்ளே போகும் டைக்குரோமேட், முடித்ததும் பச்சைச் சகதியாகக் கிடக்கும். போதாக்குறைக்குப் புற்றுநோய் வேறு தரும். அமெரிக்காவில் போர்க்கென்ஸ்டைன் 1954-இல் செய்த மூச்சுச் சோதனைக் கருவிக்குள் இருந்ததும் இதே ஆசாமிதான். குடிகாரர் ஊத ஊத, போலீஸ்காரர் கையில் ஒரு ஆக்சிஜனேற்றம் அரங்கேறியது.

மைனரை எழுப்பியவர் ஜப்பானின் ஒசாகாவில் அரசு ஆய்வகத்தில் இருந்த மசதாகே ஹருதா. தங்கத்தைச் சில நானோமீட்டர் அளவுக்குப் பொடித்து இரும்பு ஆக்சைடு போன்றவற்றின் மேல் தூவினார். மைனஸ் 70 டிகிரி குளிரிலேயே அது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றத் தொடங்கியது. 1987-இல் அந்தச் செய்தி அச்சேறியது. ஆக, இத்தனை காலம் எழவிடாமல் செய்தது அந்தப் பெருத்த உடம்புதான்.

1998-இல் மிலானில் பிராத்தியும் ரோசியும் கார்பன் மேல் ஏற்றிய தங்கத்தை ஆல்கஹால் வேலைக்கு அமர்த்தினார்கள். ஆக்சிஜன் அதிகமானால் பிளாட்டினமும் பல்லேடியமும் மேலெல்லாம் ஆக்சைடு படிந்து மூச்சு முட்டி விழும். தங்கம் அசரவில்லை, யாரோடும் ஒட்டாத அந்தப் பழைய திமிர் இங்கே தகுதியாகிவிட்டது. ஒரே நிபந்தனை, காரம் வேண்டும். காரம் ஆல்கஹாலின் புரோட்டானைப் பிடுங்கிக் கொடுத்தால்தான், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கத் துரை கையை நீட்டுவார். 2006-இல் கார்டிஃப் குழு பல்லேடியத்தைக் கூட்டாளியாகச் சேர்த்து, காரமும் கரைப்பானும் இல்லாமலே ஆல்டிஹைடு எடுத்துக் காட்டியது. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பது கூட்டாளிகளுக்கே வெளிச்சம்.

உண்மையான கூத்து 2010-இல். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஆல்கஹால் மாறிப் பிறந்த அமிலத்துக்குள் புகுந்த ஆக்சிஜன் அணு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்ட ஐசோடோப் வைத்துத் துப்பறிந்தார்கள். ஆக்சிஜன் வாயு கொடுத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அது ஒரு அணுகூடத் தரவில்லை. காரக்கரைசலில் சேர்ந்தது முழுக்க நீரும் ஹைட்ராக்சைடும் தந்த ஆக்சிஜன். தங்கத்தின் மேல் தேங்கிய எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, பெராக்சைடு வழியாக ஹைட்ராக்சைடாகக் கீழிறங்கியது மட்டுமே வாயு செய்த கைங்கரியம். ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் ஆக்சிஜனுக்குத்தான் மாலை மரியாதை. தண்ணீர் இன்னும் வழக்குப் போடவில்லை.