உபயம்: சீலிங் ஃபேன் இறக்கைகளில் எழுத்தும் பொருளும் – ஓர் அறிமுக ஆய்வு

1. ஆய்வின் தேவை

தலைக்கு மேலே சுற்றுவதைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அறிஞர்கள் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடிக்க முந்துகிறார்கள். இடம் கிடைத்ததும் பானையோட்டுக் கீறல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரப்பிய பிறகு இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று தென்படுமானால், அது அடுத்த கட்டுரைக்கும் அதையடுத்த பதவி உயர்வுக்கும் உதவும்.

2. வரலாறு

மின்விசிறிக்கு முந்தியதைப் பங்கா காலம் என்க. துரை வீட்டுக் கூரையில் நீளமான துணிப் பங்கா தொங்கும். அதன் கயிறு சுவரிலுள்ள துளை வழியாக வெளியே போகும். வராந்தாவில் ஓர் ஆள் உட்கார்ந்து இழுப்பார். அலுத்துப்போனால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே ஆட்டுவார். காற்று வாங்கியவரின் பெயர் கெஜட்டில் இருக்கிறது. இழுத்தவரின் பெயர் எங்குமே இல்லை. இது பின்னர் விளக்கப்படும்.

1880களில் அமெரிக்காவில் ஸ்கைலர் ஸ்காட்ஸ் வீலர் இரண்டு இறக்கை வைத்த மேசை விசிறியை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார். அதே பத்தாண்டில் பிலிப் டீல், சிங்கர் தையல் மெஷினுக்குச் செய்த மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கை பூட்டினார். ஆக, சீலிங் ஃபேனும் தையல் மெஷினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இந்தியாவிலும் அந்த உறவு அறுபடவில்லை: கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா என்ற ஒரே பெயரில் இரண்டையும் விற்றது. பெண்வீட்டார் டீலைக் கேள்விப்பட்டிராவிட்டாலும், சீர்வரிசையில் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து இந்த வம்சாவளிக்குச் சான்று பகர்ந்திருக்கிறார்கள் (காண்க: பழைய கல்யாண ஆல்பம், கடைசிப் பக்கங்கள்).

மின்விசிறி சங்க காலத்திலேயே சுழன்றது என்பாரும் உளர். இணைப்புக் கொடுத்தது யார் என்பதை அவர்கள்தாம் விளக்க வேண்டும்.

3. வகைப்பாடு

சீலிங் ஃபேன்: கீழே விரிக்கப்படும்.

டேபிள் ஃபேன்: கருத்தரங்கத் தலைவரைப் போல எல்லாப் பக்கமும் தலையாட்டும்; எந்தப் பக்கமும் நிற்காது.

பெடஸ்டல் ஃபேன்: கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்கு உரியது. பெண்ணுக்கு மிச்சக் காற்று.

எக்ஸாஸ்ட் ஃபேன்: காண்க, குருவிக்கூடு.

இறக்கையில்லா ஃபேன்: 2009இல் டைசன் வெளியிட்டது. இறக்கையை அடித்தண்டுக்குள் ஒளித்துவைத்ததால் எழுத இடமில்லை. எனவே நம் எல்லைக்கு வெளியே.

4. விற்பனை இயல்

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. மோட்டாரின் சூடு சேர்வதால் அறை வெப்பம் துளி கூடத்தான் செய்யும். வியர்வை உலர்வதால் உடம்புக்கு மட்டும் குளுமை. ஆக, வியாபாரிகள் நூறாண்டுக்கு மேலாக விற்றுவருவது கண்ணில் படாத சரக்கை. கண்ணில் படாததை விற்க எழுத்து வேண்டும். அதனால்தான் அட்டைப்பெட்டி முழுக்க '100% காப்பர்', 'டபுள் பால் பேரிங்', 'ஹை ஸ்பீடு' என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள் (காண்க: உத்தரவாத அட்டை, கடைக்காரர் முத்திரை வைக்க மறந்த பிரதி).

ஓரியண்ட் கம்பெனி ஒரு காலத்தில் பி.எஸ்.பி.ஓ. என்று நான்கெழுத்தைச் சொல்லி, அது தெரியாதவரைத் தொலைக்காட்சியிலேயே கேலி செய்தது. 'பீக் ஸ்பீடு பெர்ஃபார்மன்ஸ் அவுட்புட்' என்பது விரிவு. விரிவு தெரிந்த பிறகும் விளங்காமல் இருப்பது அதன் சிறப்பு. இந்த உத்தி நம் ஆய்வுலகில் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. காப்புரிமை வாங்காமல் விட்டது யார் குற்றம்?

கடையில் கூரை முழுக்க ஃபேன் தொங்கும். நாலைந்தைச் சேர்ந்தாற்போலப் போட்டுவிட்டு, "கையத் தூக்கிப் பாருங்க சார், காத்து எப்படி அடிக்குது" என்பார் கடைக்காரர். உள்ளங்கையில் படுவது எந்தக் கம்பெனிக் காற்று? சீலிங் ஃபேனுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 374 இக்கேள்விக்குள் நுழையவில்லை.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது. 75 வாட் இழுத்த பழைய மோட்டாரின் இடத்தில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வந்தது. கூடவே ரிமோட் வந்தது. பிறகு ரிமோட் தொலைந்தது. சுவரில் இருந்த ரெகுலேட்டரை எவரும் தொலைத்ததாகச் சான்று இல்லை (அம்மா, வாய்மொழி, சோபாவுக்கு அடியில் தேடியபடி).

5. இறக்கை எழுத்தியல்

இனி நம் உயிர்நிலைக்கு வருவோம். கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் தொங்குவது வெறும் ஃபேன் அன்று, அது சாசனம். இறக்கைக்கு ஒரு வரியாகச் சிவப்புப் பெயின்டில் எழுதிய மூன்று வரிச் சாசனம். மாதிரிப் பாடம் வருமாறு:

அ. அமரர் இன்னார்
ஆ. நினைவாக
இ. மகன் அன்னார் உபயம்

கல்வெட்டு ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும். இறக்கைச் சாசனத்துக்கோ ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. எங்கிருந்து படிப்பது? மூன்று கட்சி உண்டு. அ கட்சியார் இறந்தவரிடமிருந்து தொடங்குவர். இது பாமரர் வழக்கு. இ கட்சியார் மகனிடமிருந்து தொடங்குவர். பெயின்ட் செலவு அவருடையது என்பது அவர்கள் வாதம். ஆ கட்சியார் 'நினைவாக, மகன் அன்னார் உபயம், அமரர் இன்னார்' என்று படித்து, மகன் உபயமாகக் கொடுத்தது அப்பாவையே என்று பொருள் கொள்வர். இக்கட்சியில் பெரும்பாலும் மருமகள்களே இருப்பது சமூகவியலார் கவனத்துக்குரியது.

நன்னூல் எட்டுப் பொருள்கோள் சொல்கிறது. அவற்றுள் அடிமறிமாற்று இதற்குப் பொருந்தும் என்பார் கூற்றுப் பொருந்தாது. அதில் அடியை மாற்றினாலும் பொருள் மாறாது. இங்கே மாற்றினால் இறந்தவரே மாறிவிடுகிறார். ஆகவே ஒன்பதாவதாகச் 'சுழல் பொருள்கோள்' ஒன்றை இக்கட்டுரை பணிவுடன் முன்மொழிகிறது. (இதை முதலில் எண்ணியவர் கோயில் காவலாளி, மறுத்தவர் குருக்கள், மறுப்பை மறுத்தவர் பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், சுண்டல் கைக்கு வந்ததும் அவர் விவாதத்திலிருந்து விலகிக்கொண்டார்.)

சிக்கல் இத்துடன் தீரவில்லை. ஏணிமேல் நிற்கும் எலக்ட்ரீஷியன் கைக்கு வந்த இறக்கையை, வந்த வரிசையில் முடுக்குகிறார். கீழே நிற்கும் பையன் எடுத்துக் கொடுப்பது திருகாணியை, இலக்கணத்தை அல்ல. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் செய்த பிழையெல்லாம் இதன்முன் தூசு. வரிசை மாறினால் 'மகன் அன்னார் உபயம் நினைவாக அமரர் இன்னார்' என்றாகும்: மகன் நன்கொடை கொடுத்துவிட்டான் என்ற நினைப்பிலேயே தகப்பனார் அமரராகிவிட்டார் என்பது பெறப்படும். மூன்று இறக்கைக்கு மொத்தம் ஆறு பாடங்கள். உண்மையில் காலமானவர் யார் என்பதில் ஆறு பாடமும் ஒத்துப்போவதில்லை. (இவ்வாறையும் ஒப்புநோக்கிய செம்பதிப்பு அச்சில் உள்ளது என்று அதன் பதிப்பாசிரியர், அதாவது நான், வெளிவராத என் நூலின் எழுதப்படாத முன்னுரையில் உறுதி அளித்திருக்கிறேன், அந்த முன்னுரைக்கு வந்த மதிப்புரையும் என்னுடையதே.)

அழுக்கு இறக்கையின் முன்விளிம்பில்தான் அப்பும். ஆகவே எழுத்துகளின் ஒரு பக்கம் முதலில் கறுக்கும். கொம்பும் சுழியும் மறைந்தபின் 'உபயம்' 'அபயம்' என்று படிக்கப்படுவதும் உண்டு. பேரிங் சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் இந்தப் பாடத்தையே ஆதரிக்கிறார்கள்.

டியூப் லைட் உபயம் தனித்துறை. அங்கே பெயர் பெருக்கப் பெருக்க வெளிச்சம் சிறுக்கும். ஃபேனிலோ, ஓடத் தொடங்கியதும் பெயர் கரைந்து செந்நிற வளையமாகிவிடும். நன்கொடையாளரை ஊர் அறிய வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும். மண்டபமே வியர்த்து, எல்லோரும் ஒருசேர மேலே பார்ப்பார்களே, அந்தக் கணமே சாசனத்தின் வெளியீட்டு விழா.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை இந்த ஒளியில் பார்க்க வேண்டும். முதல்வர் ஜெயலலிதாவின் படத்தோடு வீட்டுக்கு வந்தது டேபிள் ஃபேன், சீலிங் ஃபேன் அன்று. எழுத்தியல் நோக்கில் நுட்பமான தேர்வு: டேபிள் ஃபேனின் கூண்டு சுற்றாது. அடுத்து வந்த 2012இன் நெடிய மின்வெட்டுகள் உபயதாரரை மக்கள் நிதானமாகத் தரிசிக்க மேலும் உதவின.

6. முடிவுகள்

ஒன்று: காற்று வரும்போது பெயர் தெரியாது, பெயர் தெரியும்போது காற்று வராது. பங்கா இழுத்தவர் இவ்விதிக்குத் தூய உதாரணம். டேபிள் ஃபேன் கூண்டு விதிவிலக்கு.

இரண்டு: இவ்விதி ஆய்வேடுகளுக்கும் செல்லும். முதல் பக்கங்களில் நெறியாளர், துறைத் தலைவர், துணைவேந்தர் பெயர்களையெல்லாம் வெகு தெளிவாகப் படிக்க முடிகிறது. இதனால் பெறப்படுவதை வாசகர் உய்த்துணர்க.

மூன்று: இப்போது நான்கு இறக்கை ஃபேனும் கடைக்கு வருகிறது. அதற்கு 24 பாடங்கள். இதை ஆராய ஐந்தாண்டு நல்கை தேவை. நல்கை அளிப்போர் தம் பெயர் எந்த இறக்கையில் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கலாம். கரண்ட் எப்போது போகும் என்பதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.